பாடப்புத்தகம் தெருவுக்கு வரும்போது



காணிக்கை அனுப்பும்போது உங்களில் சிலர் கடிதத்தில் ஒரு கேள்வியையும் எழுதுகிறீர்கள். "நோயாளியின் மருந்துக்கென்று கொடுக்கும் பணத்திலிருந்து கல்லூரிப் பிள்ளைகளின் பஸ் செலவுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அவர்கள் படிக்கத்தானே வந்திருக்கிறார்கள்?" இது நியாயமான கேள்வி. அதற்கு இந்த இதழில் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறோம்.

சேவைவழிக் கற்றல் என்றால் என்ன?

மாணவர் சேவை நமக்குப் புதிதல்ல. காந்தியடிகளின் நூற்றாண்டான 1969-ல், செப்டம்பர் 24 அன்று, நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு தொடங்கியது. பிள்ளைகள் 'என்.எஸ்.எஸ்.' என்று சொல்வது இதைத்தான். இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்கிறார். ஏழு நாள் முகாமும் உண்டு. மரம் நடுதல், இரத்த தானம், துப்புரவு என்று எத்தனையோ நற்காரியங்கள் இதனால் நடந்திருக்கின்றன. ஆனால் முகாமில் வேதியியல் மாணவரும் வணிகவியல் மாணவரும் ஒரே மண்வெட்டியைத்தான் பிடிக்கிறார்கள். வகுப்பில் அவர்கள் படிப்பது வகுப்பிலேயே நின்றுவிடுகிறது.

'சர்வீஸ் லேர்னிங்' எனப்படும் சேவைவழிக் கற்றல் அந்தப் பாடத்தையே தெருவுக்குக் கொண்டுவருகிறது. இதில் மூன்று காரியங்கள் சேர்ந்திருக்க வேண்டும். மாணவர் செய்யும் பணி அவருடைய பாடத்தோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். அந்தப் பணி ஊர்மக்களுக்கு உண்மையிலேயே தேவைப்படுவதாக இருக்க வேண்டும். திரும்பி வந்தபின், கண்டதையும் கற்றதையும் ஆசிரியரோடு அமர்ந்து ஆராய்ந்து எழுத வேண்டும். மதிப்பெண் இந்த மூன்றுக்கும் சேர்த்துத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டறிவது வேதியியல் மாணவர் ஆய்வுக்கூடத்தில் செய்யும் பயிற்சி. அங்கே அவருக்குத் தரப்படுவது பயிற்சிக்காகக் கலந்துவைத்த கரைசல். அதற்குப் பதிலாக முடிச்சூரிலோ மாடம்பாக்கத்திலோ ஒரு தெருவின் ஆழ்துளைக் கிணற்று நீரை அவர் எடுத்து வரட்டும். லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருப்பது நல்லது, வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. பரிசோதித்து எண்ணைக் கண்டுபிடிப்பதோடு பாடம் முடிவதில்லை. அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அந்த வீட்டுத் தாய்க்கு விளக்க வேண்டும். அப்போதுதான், உப்புக் கரிக்கும் நீரில் கிருமி இல்லாமலிருக்கலாம், தேனாய் இனிக்கும் கிணற்று நீரில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம் என்பதை அவரும் தெளிவாக உணருகிறார். அந்தத் தாய்க்கும் சுவையை மட்டும் நம்பாமல் நீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது.

நம் கல்லூரிகளும் இந்தப் பணியும்

இந்த எண்ணம் நம் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு அந்நியமானதல்ல. 1930-31-ல் இந்தியாவின் கிறிஸ்தவக் கல்லூரிகளை ஆராய்ந்த லிண்ட்சே ஆணையம், கல்லூரி தன் மதிலுக்குள் அடங்கிவிடாமல், ஆராய்ச்சியாலும் விரிவாக்கப் பணியாலும் சுற்றியுள்ள மக்களின் வாழ்வுக்கு உதவ வேண்டும் என்று வலியுறுத்தியது. சில ஆண்டுகளில், 1937-ல், சென்னை கிறிஸ்தவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. அன்று அதைச் சுற்றியிருந்தவை கிராமங்களும் ஏரிகளும் புதர்க்காடும். இன்று சேலையூர், செம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. அயலார் மாறியிருக்கிறார்கள், அயலாரின் தேவை தீரவில்லை.

மருத்துவப் பணியில் வேலூர் நமக்கு நல்ல முன்மாதிரி. டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் சாலையோர மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். இன்றும் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று, மக்களின் வாழ்க்கை நிலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைக் கற்கிறார்கள்.

கலை, அறிவியல் கல்லூரிகளில், 1948-ல் தொடங்கிய மதுரை லேடி டோக் கல்லூரி சேவைவழிக் கற்றலைப் பாடத்திட்டத்தோடு இணைத்த முன்னோடி. 1978-ல் தமிழ்நாட்டில் முதன்முதலாகத் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் லேடி டோக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியும் உண்டு. பாடத்திட்டத்தைத் தாங்களே வகுக்கும் உரிமை இருந்தால்தான் தெருவில் செய்த பணிக்கு மதிப்பெண் தர முடியும். 2020-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் இத்தகைய சமூக ஈடுபாட்டுக்கு 2 கிரெடிட் உள்ள பாடம் வேண்டும் என்று வழிகாட்டியது. ஆகவே இனி மாணவர்கள் பெருவாரியாக மக்களைத் தேடி வருவார்கள். அவர்கள் எப்படி வரப்போகிறார்கள் என்பதே நம் கவலை.

மருத்துவமனைக்கு இதில் என்ன?

மருத்துவமனைக்கு வருகிறவர்களை நாங்கள் அறிவோம். வராதவர்களை அறிய மாட்டோம். இரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டியிருந்தாலும் பலருக்கு எந்த வலியும் தெரிவதில்லை. "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் கைகால் விழுந்த நிலையில்தான் அவர்களைக் கொண்டுவருகிறார்கள். புள்ளியியல் படிக்கும் பத்து மாணவர்கள் ஒரு தெருவை முறையாகக் கணக்கெடுத்தால், மாத்திரையை நிறுத்தியவர்கள் யார், ஏன் நிறுத்தினார்கள் என்பது தெரியவரும். அவர்களுடைய சம்மதத்தோடு எங்கள் செவிலியருக்கோ, 2021-ல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளருக்கோ தகவல் சொல்லலாம். ஒரு பக்கவாதத்தைத் தடுப்பது, பக்கவாதம் வந்தவரைப் பல மாதங்கள் பராமரிப்பதைவிடக் குறைந்த செலவு. பங்காளர்கள் கேட்ட கேள்விக்கு எங்கள் முதல் பதில் இதுவே.

எச்சரிக்கை வேண்டிய இடம்

2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழை உங்களுக்கு நினைவிருக்கும். ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. இளைஞர்களும் சபைகளும் உணவுப் பொட்டலங்களோடு ஓடிவந்தார்கள். அது மறக்க முடியாத அன்பு. ஆனால் வெள்ளம் வடிந்தபின்பும் கெட்டுப்போன கிணறும், நனைந்துபோன மருத்துவச் சீட்டும், தொலைந்த ரேஷன் கார்டும் இருக்கும். அந்த வேலைக்கு ஒருநாள் உற்சாகம் போதாது.

கல்லூரியின் பருவம் சில மாதங்களில் முடிந்துவிடும். மக்களின் தேவை பருவத் தேர்வோடு முடிவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிள்ளைகள் படிவத்தோடு வந்து, "வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வராமல் போனால், ஏழையின் வீடு மாணவரின் பயிற்சிப் பொருளாகிவிடும். மறுமுறை உண்மையான உதவியோடு போகிறவருக்கும் அந்தக் கதவு திறக்காது.

ஆகவே இந்தப் பணிக்குச் சில ஒழுங்குகள் அவசியம். எது தேவை என்பதை முதலில் தெருமக்களிடம் கேட்க வேண்டும். மாணவர் மருந்து கொடுக்கக் கூடாது. சம்மதமின்றிப் புகைப்படம் எடுக்கக் கூடாது. ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் சொல்லக் கூடாது. ஆய்வின் முடிவை அதே தெருவில், எளிய தமிழில், திரும்பச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு மாணவர்களும் அதே தெருவுக்கே வர வேண்டும். பதிவேடு எங்கள் சமுதாய நலப் பணியாளரிடம் பத்திரமாக இருக்க வேண்டும்.

உங்கள் பங்கு

இந்த ஒழுங்குகளுக்குத்தான் பணம் தேவைப்படுகிறது. பஸ் கட்டணம், தண்ணீர்ப் பரிசோதனைப் பொருட்கள், தமிழில் அச்சிட்ட படிவங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, கல்லூரிக்கும் தெருவுக்கும் நடுவில் நின்று ஆண்டு முழுவதும் தொடர்பைக் காக்கும் ஒரு பணியாளரின் சம்பளம். கட்டடத்தின் மேல் பெயர் பொறிக்கலாம். இந்தச் செலவின் மேல் பொறிக்க இடமில்லை. அதனாலேயே இதற்குக் கொடுப்பவர் குறைவு.

பணம் தவிர வேறு வழியிலும் நீங்கள் உதவலாம். சபை மண்டபத்தைச் சனிக்கிழமை மாலையில் தெருக்கூட்டத்துக்குத் திறந்து கொடுங்கள். ஓய்வுபெற்ற செவிலியர்களும் ஆசிரியர்களும் நம் சபைகளில் பலர் இருக்கிறீர்கள். புதிதாக ஊருக்குள் வரும் பிள்ளைகளோடு முதல் சில வாரம் கூட நடந்து போங்கள். எந்த வீட்டு வாசலில் எப்படி நிற்க வேண்டும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் கற்றுத்தராது, நீங்கள் கற்றுத்தரலாம்.

அந்தப் பிள்ளைகளில் சிலர் நாளை அலுவலர்களாகவும் ஆசிரியர்களாகவும் கணக்காளர்களாகவும் போவார்கள். ஒரு கோப்பில் கையெழுத்திடும்போது தாங்கள் நின்ற அந்த வாசல் அவர்கள் நினைவுக்கு வருமானால், உங்கள் காணிக்கை வீண்போகவில்லை.


மருத்துவமனைக் குடும்பத்தார்