எண்ணெய்க் கப்பல் வழித்தடமும் பிட்காயின் விலைத் தரவும்

எண்ணெய்க் கப்பல்கள் வழி மாறும்போது முதலில் உயர்பவை கப்பல் வாடகையும் காப்பீட்டுக் கட்டணமும் ஆகும். 2023 நவம்பரில் ஹூத்திகள் செங்கடலில் தாக்கத் தொடங்கியபின் பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. ஐரோப்பியப் பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது. ஆயினும் எண்ணெய் வரத்து நிற்கவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கச்சிராயபாளையம் வரை பெட்ரோல் பங்க் விலை பெரிதாக அசையவில்லை. பொதுத்துறை நிறுவனங்கள் அதை 2022 மே முதல் ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருந்தன. 2024 மார்ச் 15 அன்று லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தன.

ஓர்முசு நீரிணையின் கதை வேறு. உலக எண்ணெய் நுகர்வில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அவ்வழியே சென்றது. பாரசீக வளைகுடாவிலிருந்து வெளியேற வேறு கடல்வழியும் இல்லை. 2025 ஜூன் 22, ஞாயிறன்று ஈரானின் அணு நிலையங்களை அமெரிக்கா தாக்கியதும், நீரிணை மூடப்படலாம் என்ற அச்சம் எழுந்தது. அப்போது எண்ணெய்ச் சந்தைக்கு விடுமுறை. விடுமுறையே இல்லாத பிட்காயின் 1 இலட்சம் டாலருக்குக் கீழ் இறங்கியது. திங்களன்று பிரெண்ட் எண்ணெய் 80 டாலரைத் தாண்டித் தொடங்கியது. ஈரானோ கப்பல்களை விட்டுவிட்டு, கத்தாரிலுள்ள அமெரிக்கத் தளத்தைத் தாக்கியது. எண்ணெய் விலை சுமார் 7% சரிந்தது, பிட்காயின் மீண்டது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை பிட்காயின் விலை காட்டியது அச்சத்தையே. எண்ணெய்த் தட்டுப்பாட்டை அல்ல. இரு தரவுகளையும் ஒப்பிடும் மாணவர்கள், எண்ணெய் வரிசையின் சனி, ஞாயிறு இடங்களை வெள்ளிக்கிழமை விலையால் நிரப்புவதுண்டு. அப்படிச் செய்தால் பிட்காயின் எண்ணெயை முன்கூட்டியே கணித்ததுபோல் ஒரு பொய்த் தொடர்பு தோன்றும். இரு சந்தைகளும் திறந்திருந்த நேரங்களை மட்டும் ஒப்பிடுவதே சரி.