கொல்லிமலையில் கண்ணாடி வீடு கட்டலாமா? உடைஞ்சா என்ன ஆகும்?

காரவள்ளி அடிவாரத்தில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அங்குள்ள நாடுகளில் ஒன்று குண்டூர் நாடு. மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், பலா, காலையில் கையெட்டும் தூரத்தில் பனிமூட்டம். இப்படி ஓர் இடத்தில் வீடு கட்ட நினைக்கும் இளைஞர்களுக்கு முதலில் தோன்றும் ஆசை, "சுவரே வேண்டாம், முழுசா கண்ணாடி வெச்சிடலாம்" என்பதுதான். ஹாலுக்குக் கண்ணாடிச் சுவர், மாடிக்குக் கண்ணாடித் தடுப்பு, தோட்டத்தில் கண்ணாடிக் கூரை.

ஆசை நியாயமானதுதான். ஆனால், ஆர்டர் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: உடைஞ்சா என்ன ஆகும்?

ஸ்ட்ரக்சுரல் கிளாஸ் என்றால் என்ன?

சாதாரண ஜன்னலில் மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ பாரத்தைத் தாங்கும். கண்ணாடி சும்மா மறைப்புதான். ஸ்ட்ரக்சுரல் கிளாஸில் அந்த வேலையைக் கண்ணாடியே செய்கிறது. காற்றின் வேகம், சாய்ந்து நிற்கும் ஆளின் எடை, சில இடங்களில் மேலே நடப்பவரின் எடை எல்லாம் அதன் மேல்தான் விழும். சட்டம் கண்ணுக்குத் தெரியாது. மூலைகளில் ஸ்டீல் பிட்டிங்கோ, அடியில் ஒரு சேனலோ பிடித்திருக்கும்.

கன்னியாகுமரி சுத்தியல்

தமிழ்நாட்டில் பலரும் நடந்து பார்த்த உதாரணம், விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. 2025-ல் அதன் தரைக் கண்ணாடி ஒன்றில் விரிசல் தெரிந்தது. பராமரிப்புப் பணியின்போது மேலிருந்து சுத்தியல் தவறி விழுந்ததே காரணம் என்று மாவட்ட நிர்வாகம் விளக்கியது.

"பார்த்தீங்களா, கண்ணாடியை நம்பக் கூடாது" என்று பலர் பேசினார்கள். பொறியாளர்கள் இதை வேறு விதமாகப் பார்ப்பார்கள். கண்ணாடி விரிந்தது, யாரும் கீழே விழவில்லை. 2014-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில், வில்லிஸ் டவரின் 103-வது மாடியில் உள்ள கண்ணாடி பால்கனியிலும் மேல் பூச்சு நொறுங்கியது. அப்போது அதன்மேல் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடி ஒருநாள் உடையும் என்று எடுத்துக்கொண்டு, உடைந்த பிறகும் ஆளைத் தாங்கும்படி வடிவமைப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை.

டஃபன்டா, லேமினேட்டடா?

வீடு கட்டுபவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது.

டஃபன்டு கிளாஸ்: கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைப்பார்கள். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலு. உடைந்தால் கத்தி போன்ற சில்லுகளாக இல்லாமல், கற்கண்டு மாதிரி சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொட்டிவிடும். பாத்ரூம் கதவுக்கு இது நல்லது. ஆனால் மாடித் தடுப்பாக ஒற்றை டஃபன்டு கண்ணாடி மட்டும் இருந்தால், உடைந்த நொடியில் அங்கே தடுப்பே இருக்காது.

லேமினேட்டட் கிளாஸ்: இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. கார் முன்கண்ணாடி போல, உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பரவலாகப் பயன்படும் படலம் பி.வி.பி. அதைவிட விறைப்பானது எஸ்.ஜி.பி.

எனவே தலைக்கு மேலே கூரையாகவோ, காலுக்குக் கீழே தரையாகவோ, மாடி விளிம்பில் தடுப்பாகவோ கண்ணாடி வந்தால் லேமினேட்டட்தான் வேண்டும். தடுப்பில் இரண்டு அடுக்கும் டஃபன்டாக இருந்து இரண்டுமே உடைந்தால், பி.வி.பி. படலம் ஈரத்துணி போலத் தொய்ந்துவிடும். அதற்காகத்தான் மேலே கைப்பிடிக் கம்பி ஒன்றும் கேட்கிறார்கள். அழகு கொஞ்சம் குறையலாம். அந்தக் கம்பிதான் கடைசிப் பிடி.

யாரும் தொடாமலேயே டஃபன்டு கண்ணாடி படாரென்று வெடிப்பதும் உண்டு. உள்ளே சிக்கிய நிக்கல் சல்பைடு துகள் காலப்போக்கில் விரிவதால் இது நடக்கிறது. தொழிற்சாலையிலேயே அடுப்பில் மறுபடி சூடேற்றிச் சோதிக்கும் 'ஹீட் சோக்' முறை, அப்படிப்பட்ட கண்ணாடிகளில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே உடைத்து ஒதுக்கிவிடும்.

70 வளைவு தாண்டி வர வேண்டும்

கண்ணாடியின் எடையைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு 2.5 கிலோ. 12 மி.மீ. தடிமனில் 10 அடிக்கு 8 அடி கண்ணாடி என்றால் சுமார் 220 கிலோ. அதைச் சரக்கு வண்டியில் நிமிர்த்திக் கட்டி 70 வளைவுகளில் கொண்டுவர வேண்டும். மேலே வந்தபின் கிரேன் நிற்க இடமும் வேண்டும். அதே தடிமனில் 8-க்கு 4 அடிப் பலகைகளாக எடுத்தால் ஒன்று சுமார் 90 கிலோ. நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கிவிடலாம்.

இன்னொரு சிக்கல், டஃபன்டு கண்ணாடியை அறுக்கவோ துளையிடவோ முடியாது. அளவில் 5 மி.மீ. பிசகினாலும் புதிதாகச் செய்துதான் எடுத்துவர வேண்டும். கட்டட வேலை முடிந்து, பூச்சும் காய்ந்த பிறகு அளவெடுத்தால் இந்த நஷ்டம் வராது.

மலைக்கே உரிய தொல்லைகள்

* ஈரம்: மூடப்படாத விளிம்பு வழியே ஈரம் இறங்கினால், பி.வி.பி. லேமினேஷன் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். விளிம்பில் தண்ணீர் தேங்காமல் வடிய வழி வேண்டும்.
* பலா: கிளைக்கு நேர் கீழே கண்ணாடிக் கூரை வேண்டாம். பழுத்த பலா ஒன்று விழுந்தால் அது சுத்தியலுக்குக் குறைந்ததல்ல.
* வெயில்: மலை குளிர்ச்சிதான். ஆனாலும் மேற்குப் பார்த்த கண்ணாடி அறை மாலையில் கொதிக்கும். கண்ணாடிக்கு வெளியே நிழல் கொடுத்தால், உள்ளே வெப்பம் குறையும்.
* பறவைகள்: கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நம்பிச் சின்னானும் தேன்சிட்டும் வந்து மோதும். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடி பறவைகள் கட்டடங்களில் மோதி இறப்பதாக 2014-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வெளிப்பக்கம் இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வீதம் ஒட்டினால் பறவைகள் விலகிப் பறக்கும்.

ஆர்டர் கொடுக்கும் முன்

* கண்ணாடி மூலையில் ஐ.எஸ். 2553 எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா?
* தடிமனை முடிவு செய்தது கடைக்காரரா, கணக்குப் போட்ட ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரா?
* ஹீட் சோக் சோதனைச் சான்று கிடைக்குமா?
* ஒரு பலகை உடைந்தால், பக்கத்துப் பலகையைத் தொடாமல் அதை மட்டும் மாற்ற முடியுமா?

"இது உடையவே உடையாது சார்" என்று சொல்பவரிடம் கண்ணாடி வாங்க வேண்டாம். "உடைஞ்சாலும் இப்படித்தான் நிக்கும்" என்று துண்டு ஒன்றை உடைத்தே காட்டுபவரிடம் ஆர்டர் கொடுக்கலாம்.