கேசட்டில் தெரியாத தூசு

கோலார் தங்கவயலுக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது சாம்பல் நிறக் குன்றுகள்தான். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு அது. சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள், மேடுகள் நிற்கின்றன. 'கே.ஜி.எஃப்' (2018) படப்பிடிப்பு நடந்த இடங்களில் இந்த மேடுகளும் உண்டு.

படத்தில் வரும் நராச்சி சுரங்கம் கற்பனை. இம்மாதிரிக் காட்சிகளில் நடிகரைச் சுற்றி இருப்பது கொஞ்சம் செட். அதற்கு அப்பால் விரிவது கணினி வரைந்தது. இரண்டும் சேரும் ஒட்டை மறைக்கத் தூசும் புகையும் இருட்டும் போதும். இப்படத்தின் கிராஃபிக்ஸுக்காக யூனிஃபை மீடியா நிறுவனம் 66-வது தேசியத் திரைப்பட விருதுகளில் விருது பெற்றது.

இதே படத்தை வி.சி.டி.யில் பார்த்தால்? ஒரு பிரேமில் 352-க்கு 288, ஏறக்குறைய 1 லட்சம் புள்ளிகள். டிவிடியில் 4 லட்சம், 4கே-யில் 83 லட்சம். வி.சி.டி.யில் ஒட்டு தெரியாது. முகமே சரியாகத் தெரியாதே!

அதற்காகப் புள்ளிக் கணக்கை மட்டும் நம்பி 4கே டிஸ்க்கில் காசைப் போட வேண்டாம். ஹாலிவுட்டிலும் ஏராளமான படங்களின் கிராஃபிக்ஸை 2கே அளவில் முடித்து, பிறகுதான் 4கே-க்குப் பெரிதாக்கினார்கள். உண்மையான லாபம் இருட்டில் இருக்கிறது. சாதாரண புளூ-ரே ஒவ்வொரு அடிப்படை நிறத்தையும் 256 படிகளாகப் பிரிக்கிறது, எச்.டி.ஆர். வசதியுள்ள 4கே டிஸ்க் 1,024 படிகளாக. படி குறைந்தால் சுரங்க இருட்டு பட்டை பட்டையாகப் பிளக்கும். இணையவேகம் குறைந்த வீட்டில் ஓ.டி.டி.யில் பார்த்தால், பறக்கும் தூசு கட்டம் கட்டமாக உறைந்து நிற்கும். ஆகவே இருட்டும் புகையும் நிறைந்த படங்களை மட்டும் புதிதாக வாங்குங்கள். வெளிச்சமான குடும்பப் படத்துக்கு உங்கள் டிவிடியே தாராளம்.

தங்கவயல்காரர்கள் அதற்கு முன் பரணைப் பார்க்க வேண்டும். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்த காலத்துக் கல்யாண கேசட் ஏதாவது அங்கே கிடக்கலாம். டேப்பில் பூஞ்சை பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். ஓடுகிற டெக்கும் அரிதாகிவிட்டது. சினிமாப் படத்தை ஏதாவது ஒரு நிறுவனம் மறுபடி வெளியிடும். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் பின்னால், சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் சக்கரம் நிஜமாகச் சுழன்றுகொண்டிருக்கும் காட்சி அந்த கேசட்டில் மட்டுமே இருக்கக்கூடும்.