தத்தெடுத்த நாயும் கைவிடும் மனிதரும்

தத்து என்ற சொல்லுக்கு நம் தேசத்துச் சட்டத்தில் கனமான பொருள் உண்டு. 1956-ம் வருஷத்து ஹிந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டத்தின் 15-வது பிரிவு, முறைப்படி நடந்தேறிய சுவீகாரத்தைத் தகப்பனாரோ, தாயாரோ, வேறெவருமோ ரத்துச் செய்ய முடியாதென்று விதிக்கிறது. பிள்ளை சொற்கேளாதவனாயினும், குடும்பத்தின் நிலைமை தாழ்ந்தாலும், எடுத்த பிள்ளை எடுத்த பிள்ளையே. இக்காலத்தில் நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பதற்கும் தத்தெடுத்தல் என்ற அதே சொல் வழங்குகிறது. சொல்லை ஏற்றுக்கொண்டவர்கள் அதன் பொருளையும் ஏற்றுக்கொண்டார்களா என்பதே நமது கேள்வி.

இக்கேள்விக்குக் காரணமில்லாமலில்லை. டில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலுமுள்ள தெரு நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கும்படி 2025-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. நாடெங்கும் வாதப் பிரதிவாதங்கள் எழுந்தன. அதே மாதம் 22-ந் தேதி மூன்று நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு அவ்வுத்தரவை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் நீங்கலாக, மற்ற நாய்களைக் கருத்தடையும் தடுப்பு ஊசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விடலாமென்றது. அந்த உத்தரவிலேயே இன்னொரு வாசகமும் உண்டு. பிராணிகளிடம் அன்புள்ளவர்கள் நகரசபைக்கு மனுச் செய்து தெரு நாயைத் தத்தெடுக்கலாம். ஆனால் அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமற் பார்த்துக்கொள்வது மனுதாரரின் பொறுப்பு. நம் கருத்தில் இந்தப் பொறுப்பே விஷயத்தின் உயிர்நிலை.

இதைக் கவனியாத வீடுகளில் நடப்பதென்ன? கோடை விடுமுறையில் குழந்தைகள் ஆசைப்பட்டார்களென்று ஒரு குட்டி வருகிறது. பள்ளிக்கூடம் திறந்ததும் அதைக் கவனிக்க ஆளில்லை. குட்டி வளர்கிறது, செருப்பைக் கடிக்கிறது, இரவில் குரைக்கிறது, அண்டை வீட்டார் முறையிடுகிறார்கள். ஒருநாள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தூரத்திலுள்ள ஒரு தெருமுனையில் இறக்கிவிட்டு வருகிறார்கள். எங்கேனும் பிழைத்துக்கொள்ளுமென்பது அவர்கள் சமாதானம். அது பிழைப்பது அருமை. வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிராணிக்கு இரை தேடத் தெரியாது. அவ்விடத்து நாய்கள் அதை அண்டவிடா. தப்பிப் பிழைத்தாலும், கருத்தடை செய்யாத பெட்டை நாய் சுமார் 63 நாளில் குட்டிகளை ஈன்று, தெரு நாய்களின் தொகையைப் பெருக்குகிறது. மனிதருக்கு வரும் வெறிநாய்க்கடி நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய்களாலேயே வருவது. குறிகள் தோன்றியபின் பிழைப்பவர் மிக அரிது. ஆகவே, ஒரு வீட்டார் இறக்கிவிட்ட பாரத்தை அந்தத் தெருவின் குழந்தைகள் சுமக்கிறார்கள்.

இந்தக் கருத்து நமக்குப் புதிதன்று. 1926-ம் வருஷத்தில் அகமதாபாத்தில் திரிந்த நாய்களைப் பற்றி ஒரு விவாதம் கிளம்பியபோது, காந்தியடிகள் 'யங் இந்தியா' பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். நாய்களைக் கொல்லுவது பற்றி அவர் சொன்னவற்றை மறுத்தவர்கள் பலர், இன்றும் மறுக்கலாம். ஆனால் உடையவனில்லாமல் நாய் அலைவது சமூகத்தின் கருணைக்கு அடையாளமன்று, அதன் சோம்பலுக்கே அடையாளமென்று அவர் கூறியதை மறுப்பது கடினம். போகிற போக்கில் ஒரு கவளம் எறிவது ஜீவகாருண்யமாகாது. பொறுப்பேற்று வளர்ப்பதே ஜீவகாருண்யம்.

ஆதலின், தத்தெடுக்க நினைப்போர் முதலில் தம் வீட்டைப் பார்க்க வேண்டும். நாயின் ஆயுள் பத்து முதல் பதினைந்து வருஷம் வரையிலுண்டு. அத்தனை வருஷமும் சோறிடுவதும், தினந்தோறும் வெளியே அழைத்துச் செல்வதும், வைத்தியச் செலவைத் தாங்குவதும் யார்? வீட்டிலுள்ள அனைவரும் சம்மதித்தார்களா? வாடகை வீடானால் சொந்தக்காரர் இசைந்தாரா? இவற்றுக்கு விடையில்லாதவர் குட்டியை எடாதிருப்பதே அதற்குச் செய்யும் உபகாரம். பகட்டுக்காகப் பனிப்பிரதேசத்து நாயைச் சென்னை வெயிலில் வளர்ப்பது அப்பிராணிக்குத் தண்டனை. நம் சீதோஷ்ணத்துக்கு இயைந்த நாட்டு நாய் தெருவிலேயே ஆதரவின்றி நிற்கிறது. எடுப்பதானால் எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிக்கலாகாது. மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பு ஊசியும், பின்னர் வைத்தியர் குறிக்கும் தவணைகளில் மறு ஊசியும் போடுவிக்க வேண்டும். தக்க வயதில் கருத்தடை செய்விக்க வேண்டும். வெளியே செல்லும்போது கயிறு கையிலிருக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்லுகிறது? ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் ராஜ்ய சபையில் கொண்டுவந்த மசோதாவே 1960-ம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிகோலியது. அதன் 11-வது பிரிவு, போதிய தீனியும் தண்ணீரும் இருப்பிடமும் அளியாமையையும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் பிணைத்து வைப்பதையும், பசி தாகத்தால் வருந்தும்படி தக்க காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றமாக்கியது. ஆனால் முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும்தான்! நாயை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவதற்கு ஆகும் பெட்ரோல் செலவே அதைவிட அதிகமாயிருக்கும். இத்தகைய அபராதம் எவரை அச்சுறுத்தும்? பார்லிமெண்டு இதை உயர்த்துவது அவசியம். நகரசபைகளும், நாய்க்கு லைசென்சு கொடுப்பதோடு நில்லாமல், தத்தெடுத்த நாய் அவ்வீட்டிலேயே இருக்கிறதா என்று வருஷந்தோறும் விசாரித்தறிய வேண்டும்.

உத்தியோக மாற்றமோ, தீராத நோயோ, வறுமையோ நேர்ந்து வளர்க்க முடியாமற்போவது உண்டு. அவர்களை நாம் பழிக்கவில்லை. தகுந்த வேறொரு வீட்டைத் தேடி, ஊசிச் சான்றுகளுடன் நாயை ஒப்படைப்பது கைவிடுவதாகாது. அதுவும் கடமையின் ஒரு பகுதியே. இருட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவதே கைவிடுதல். பிள்ளையைத் தத்தெடுத்தவர் ரத்துச் செய்வதைச் சட்டம் தடுக்கிறது. நாயைத் தத்தெடுத்தவரை அவ்விதம் தடுக்கச் சட்டம் இன்னும் வலுப்பெறவில்லை. அதுவரையில் அவரவர் மனச்சாட்சியே அந்தப் பிரிவாக இருந்து தடுக்கட்டும்.