கண்ணின் காவலும் கலகமும்

1812ஆம் ஆண்டில், பிரெஞ்சு நாட்டுக் கூவ்ரே என்னும் சிற்றூரில், சேணம் தைப்பவர் ஒருவரின் மூன்று வயது மகன் தந்தையின் கூரிய கருவியை எடுத்து விளையாடுங்கால் அஃது ஒரு கண்ணிற் பாய்ந்தது. சில ஆண்டுகளுள் ஊறுபடாத மற்றைக் கண்ணும் ஒளியிழந்தது. பார்வையற்றோர்க்குப் புள்ளியெழுத்து அமைத்தளித்த லூயி பிரெயில் என்பார் இவரே. குத்துண்ணாத கண் கெட்டது எங்ஙனம்? இதனை நாம் சிறிது ஆராய்வோம்.

நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தமக்குள் செய்தி விடுத்தற்பொருட்டு நுண்ணிய புரதங்களை வெளியிடுகின்றன. இவற்றைச் சைட்டோகைன்கள் என்பர். இன்டர்லூகின்-6, டி.என்.எப்.-ஆல்பா என்பன இவ்வினத்தைச் சார்ந்தவை. இவை இரத்தக்குழாய்ச் சுவர்களை நெகிழ்வித்து, மேலும் பல அணுக்களை அவ்விடத்திற்கு அழைக்கும். சிவப்பு, வெம்மை, வீக்கம், நோவு என்னும் நான்கும் அதனால் தோன்றும். இதுவே அழற்சியாம். கையிற் காயம்பட்டால் இவ்வழற்சி நன்மையே பயக்கும். தோல் மீண்டும் வளருமன்றோ? விழித்திரையின் நரம்பணுக்களோ அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆதலின், கண்ணகத்தே அமைதி காக்கும் ஏற்பாடுகள் உள. அங்குள்ள நுண்ணிய இரத்தக்குழாய்களின் சுவர் மிக நெருக்கமானது; கண்ணின் முன்னறை நீரிலுள்ள டி.ஜி.எப்.-பீட்டா என்னும் புரதம் போரணுக்களின் சினத்தைத் தணிப்பது. பீட்டர் மெடவார் என்னும் அறிஞர் முயலின் கண் முன்னறையில் வேற்று முயலின் தோலை ஒட்டி ஆராய்ந்து, இரத்தக்குழாய் பற்றாதவரை அஃது அழியாதிருத்தலை 1948இல் வெளியிட்டார்.

இவ்வமைதி குலைவதும் உண்டு. ஆழ்ந்த காயத்தால், அதுகாறும் மறைந்திருந்த கண்ணின் புரதங்கள் வெளிப்படுங்கால், உடற்காவலர் அவற்றைப் பகையெனக் கருதுவர். அதே புரதங்களையுடைய மற்றைக் கண்ணையும் தாக்குவர். பிரெயிலுக்கு நேர்ந்ததும் இதுவாகலாம் என்பர் மருத்துவர். வேலியே பயிரை மேய்தல் என்பது இதுவன்றோ?

காயமின்றியும் கண்ணுள் அழற்சி எழும். அதனை யுவியைட்டிஸ் என்பர். கண் சிவத்தல், நோதல், ஒளிக்குக் கூசுதல், பார்வை மங்கல் என்பன அதன் குறிகள். காலந்தாழ்த்தின் கண்புரையும், கண்ணழுத்த நோயும், குருடும் நேரலாம். ஸ்டீராய்டு மருந்துகள் பல சைட்டோகைன்களை ஒருங்கே அடக்கும். டி.என்.எப்.-ஆல்பா ஒன்றனையே தடுக்கும் அடாலிமுமாப் என்னும் மருந்து, கிருமியால் வாராத யுவியைட்டிசுக்கு 2016இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. எனினும், கிருமியே காரணமாயின் காவலை மட்டும் அடக்குதல் பெருந்தீங்காகும். ஆகவே, கண் சிவந்து நோவுங்கால் நாமே கடையில் சொட்டுமருந்து வாங்கி இடாது, உடனே கண் மருத்துவரை நாடுதல் நம் கடனாம்.