வீட்டுத் தோட்டத்துப் புல்லுக்கு வெயிலே மருந்து

மருந்து அடிக்கும் வேலைக்குப் போகிறவர்களில் சிலர், மிஞ்சிய களைக்கொல்லியைச் சின்னப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் கீரை, வெண்டை, மிளகாய் போட்டிருப்போம். அங்கே முளைக்கிற புல்லுக்குக் கொஞ்சம் தெளிக்கலாமே என்ற நினைப்புத்தான். அந்தப் போத்தல் சோடாப் போத்தல். இருப்பது அடுப்படி மூலையில். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு என்ன தெரியும்?

பாராகுவாட் என்னும் களைக்கொல்லியை மலேசியாவில் 2002-இல் தடுக்க முற்பட்டார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முற்றாகத் தடை செய்துவிட்டார்கள். அதற்கு முறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு, நாள் கணக்கில் மூச்சுத் திணறி உயிர் போய்விடும். மற்ற களைக்கொல்லிகள் அத்தனை கொடியவை அல்ல என்றாலும் அவையும் விஷந்தான். யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"சரி ஐயா, புல்லை என்ன செய்யறது?" என்று கேட்பீர்கள். வெயிலிடம் விட்டுவிடலாம். இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானி கட்டான் என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 1976-இல் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். மண்ணில் இருக்கும் பயிர் நோய்க் கிருமிகளைக் கொல்லத்தான் அவர்கள் செய்து பார்த்தார்கள். களை விதைகளும் கூடவே செத்துப் போகின்றன.

பாத்தியைக் கொத்தி, கட்டி உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, மட்டமாக்குங்கள். பிறகு நன்றாக நனையும்படி தண்ணீர் விட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈர மண்ணில்தான் சூடு கீழே இறங்கும். காய்ந்த விதை சூட்டைத் தாங்கிக்கொள்ளும். நீர் குடித்து ஊறின விதை தாங்காது. அதன்மேல் மெல்லிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணில் புதைத்துவிடுங்கள். ஆவி வெளியே போகக் கூடாது. கறுப்புத் தாளும் உரச் சாக்கும் இதற்கு உதவாது; அவை வெயிலை உள்ளே விடாது. நல்ல வெயில் நாளில் மேல் மண் 45 பாகைக்கு மேல் சூடேறும். நாலு முதல் ஆறு வாரம் அப்படியே கிடக்கட்டும்.

மேற்குக் கரையில் ஜூன், ஜூலை மாதங்கள் இதற்குத் தோதானவை. கெடா, பெர்லிஸ் பக்கம் ஜனவரி, பிப்ரவரியிலும் செய்யலாம். கிழக்குக் கரைக்காரர்கள் வருஷக் கடைசி மழையில் முயன்றால் பிளாஸ்டிக் காசுதான் நஷ்டம். மழை பெய்து தாளின்மேல் தண்ணீர் தேங்கினால் அன்றைக்கே தள்ளிவிடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும். புல்லுக்குப் பயந்து டெங்கியை வளர்க்க வேண்டாம்.

லாலாங்கும் கோரையும் இதற்கு மசியாது. அவற்றின் கிழங்கும் வேரும் ஆழத்தில் சூடு படாமல் கிடக்கும். முதலிலேயே தோண்டிப் பொறுக்கிவிட வேண்டியதுதான், வேறு வழியில்லை.

தாளை எடுத்தபின் மறுபடியும் ஆழக் கொத்தாதீர்கள். அடியில் சாகாமல் கிடக்கும் விதை மேலே வந்துவிடும். விரலால் குழி போட்டு நாற்றை நட்டால் போதும். கழற்றிய பிளாஸ்டிக்கை வீட்டருகில் எரிக்க வேண்டாம், அந்தப் புகை பிள்ளைகளின் மார்புக்கு ஆகாது. கிழியாமல் இருந்தால் கழுவிக் காயவைத்து, நிழலில் சுருட்டி வைத்தால் அடுத்த பாத்திக்கு ஆகும்.