மண்சாலையில் நாற்பத்தொரு நாள்

செப்பமிட்ட சாலையில் மிதிவண்டி ஓட்டுவது எளிது. சரளைக்கல்லும் சேறும் மணலும் நிறைந்த நாட்டுப்புற வழிகளில் பல நாள்கள் தொடர்ந்து செல்வது அத்துணை எளிதன்று. அத்தகைய நெடும்பயணம் இன்று பல நாடுகளில் விரும்பி மேற்கொள்ளப்படுகிறது. ஆனால், 1897ஆம் ஆண்டிலேயே அதனைக் கடமையாக ஏற்று நிறைவேற்றியவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்கள் இருபதின்மர்.

குதிரைக்கு மாற்று

அமெரிக்கத் தரைப்படையின் 25ஆம் காலாட்படைப் பிரிவில் வீரர்கள் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். குதிரைக்குத் தீனியும் நீரும் வேண்டும். மிதிவண்டிக்கு அவை வேண்டா. எனவே, படை நகர்வுக்கு மிதிவண்டி உதவுமா என்று ஆராய, ஜேம்ஸ் மாஸ் என்னும் இளம் அதிகாரி விரும்பினார். 1897 ஜூன் 14 அன்று அவர் தலைமையில் வீரர்கள் மொன்டானா மாநிலத்தின் மிசூலா கோட்டையிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரை நோக்கிப் புறப்பட்டனர். மருத்துவர் ஒருவரும் செய்தியாளர் ஒருவரும் உடன் சென்றனர்.

கூடாரம், போர்வை, உணவு ஆகியவற்றுடன் ஒவ்வொரு வண்டியும் ஏறத்தாழ 27 கிலோகிராம் எடை இருந்தது. துப்பாக்கியை முதுகில் சுமந்தனர். வழியெங்கும் தேவைப்படும் உணவு முழுவதையும் அவர்கள் எடுத்துச் செல்லவில்லை. இருப்புப்பாதையை ஒட்டிய ஊர்களில் ஆங்காங்கே பெற்றுக்கொண்டனர். சுமையைக் குறைப்பதே நெடும்பயணத்தின் முதற்பாடம்.

சக்கரமும் தரையும்

கெட்டியான தரையில் சக்கரம் உருள்கிறது. இளகிய தரையில் சற்றே புதைகிறது. புதைந்த சக்கரம் முன்னேற வேண்டுமாயின், எதிரிலுள்ள மண்ணை ஓயாமல் அமுக்கியும் விலக்கியும் செல்ல வேண்டும். ஓட்டுபவரின் ஆற்றலில் பெரும்பகுதி இதற்கே செலவாகிறது. டயர் அகலமாகவும் அதன் காற்றழுத்தம் குறைவாகவும் இருந்தால், எடை பரவலாகத் தரையில் இறங்கும், புதைவது குறையும். கல்லின்மீது ஏறும்போதும் டயர் அமுங்கி அதிர்வைத் தாங்கிக்கொள்ளும். இதனால்தான் இக்காலச் சரளைச்சாலை மிதிவண்டிகளில் அகன்ற டயர்களும், ஏற்றத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளும் பல கியர்களும் அமைந்துள்ளன.

அவ்வீரர்களின் வண்டிகளிலோ கியர் மாற்றும் வசதி இல்லை. செங்குத்தான ஏற்றங்களில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தனர். மழையில் நனைந்த களிமண் சக்கரங்களில் அப்பிக்கொண்டது. சாலை பயன்படாத இடங்களில் இருப்புப்பாதையின் குறுக்குக்கட்டைகள்மீது குலுங்கிக் குலுங்கிச் சென்றனர். நெப்ராஸ்கா மாநிலத்தின் மணற்குன்றுப் பகுதியில் கடும் வெயில் வாட்டியது; அங்குக் கிடைத்த உவர்நீரைக் குடித்துப் பலர் நோயுற்றனர். ஆயினும், பயணம் நிற்கவில்லை.

வெற்றியும் அநீதியும்

ஜூலை 24 அன்று அவர்கள் செயின்ட் லூயிஸை அடைந்தனர். கடந்த தொலைவு ஏறத்தாழ 3,050 கிலோமீட்டர். ஓய்வு முதலியவற்றுக்குச் செலவான நாள்களை நீக்கினால், 34 நாள்களில், நாளொன்றுக்குச் சராசரியாக 90 கிலோமீட்டர் சென்றிருந்தனர். நகர மக்கள் திரண்டு வரவேற்றனர். எனினும், படை அம்முயற்சியைத் தொடரவில்லை.

அப்பயணத்தில் வீரர்களை வழிநடத்தியவர்களுள் ஒருவர் மிங்கோ சாண்டர்ஸ். 1906இல் டெக்சாஸ் மாநிலத்தின் பிரவுன்ஸ்வில் நகரில் துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது. பழி 25ஆம் பிரிவின்மீது விழுந்தது. விசாரணை மன்றம் எதிலும் குற்றம் மெய்ப்பிக்கப்படாத நிலையிலேயே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் ஆணைப்படி 167 வீரர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர். கால்நூற்றாண்டுக்கு மேல் பணியாற்றிய சாண்டர்ஸும் அவர்களுள் ஒருவர். ஓய்வூதிய உரிமையையும் இழந்தார். 1972இல்தான் அப்பணிநீக்கத்தை அரசு மாற்றி, அவ்வீரர்களின் மதிப்பை மீட்டளித்தது. அதனைக் காண சாண்டர்ஸ் உயிரோடு இல்லை.

மூவாயிரம் கிலோமீட்டர் மண்சாலையைக் கடக்க அவ்வீரர்களுக்கு 41 நாள்கள் போதுமானவையாக இருந்தன. நீதி அவர்களை வந்தடைய 66 ஆண்டுகள் ஆயின.